ஏரிக்குள் உட்கார்ந்த வண்டி

சேலத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, சங்ககிரி வழியாகத் திருச்செங்கோட்டில் வந்து இறங்கியபோது மலை மேல் வெயில் விழுந்திருந்தது. ஊருக்குள் இன்னும் விழவில்லை. டிக்கெட் நாலு ரூபாய் சொச்சம். நின்றுகொண்டே வந்ததற்கு அதுவே அதிகம் என்று கண்டக்டரிடம் சொன்னேன். உட்கார்ந்து வந்தவருக்கும் அதே விலைதான் பாய் என்றார்.

எனக்குச் சேலத்தில் கடை. பட்டாளத்தில் கழித்துப்போட்ட லாரிச் சாமான்களை ஏலத்தில் எடுத்து, துடைத்து, எண்ணெய் போட்டு விற்கிறேன். செயின், ஜாக்கி, கம்பிக் கயிறு, கொக்கி என்று பழைய இரும்பு எல்லாம் என்னிடம் உண்டு. கடையை விட்டு வெளியே சுற்றுகிற ஆள் இல்லை நான். எண்பத்து மூன்றாம் வருஷம் ஆவணி பிறந்த கையோடு தம்மம்பட்டிப் பக்கம் வரை போய்வந்தேன் என்றால், அதற்குக் காரணம் நான் விற்ற ஒரு வின்ச். லாரியின் முன்புறத்தில் பம்பருக்கு மேலே பூட்டுகிற உருளை அது. அதில் நூறடி இரும்புக் கயிறு சுற்றியிருக்கும். எஞ்சின் ஓட்டத்திலேயே உருளை சுற்றும். கயிற்றின் நுனியை எதிலாவது கட்டிவிட்டால் வண்டி தன்னைத்தானே சேற்றிலிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். அது வேலை செய்கிற அழகை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

வாங்கியவர் நாச்சிமுத்துக் கவுண்டர். திருச்செங்கோட்டில் கல் எறிந்தால் ரிக் லாரி மேல்தான் விழும் என்பார்கள். அந்த லாரிகளில் ஒன்று அவருடையது, ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற வண்டி. தாத்தா காலத்துத் தோட்டத்தை, கிணறு வற்றிப்போன கோபத்தில் விற்று, பங்காளிகள் வாயில் எல்லாம் விழுந்து வாங்கியது. "இந்த வண்டி போச்சுன்னா எனக்கு மண்ணும் இல்லீங்க, வண்டியும் இல்லீங்க" என்று அவர் என் கடையில் உட்கார்ந்து சொன்னது சும்மா இல்லை. மழை பொய்த்த வருஷங்கள் அவை. தண்ணீர் கேட்டு அழைக்கிறவர்கள் எல்லாம் ரோடே இல்லாத இடத்துக்குத்தான் அழைத்தார்கள். வண்டிக்கு முதலில் என்ன போடுவது என்று அவருக்கு ஒரே குழப்பம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது.

எது முதலில் என்ற சண்டை அன்றைக்கும் ஓயவில்லை. லாரியின் முன்பகுதியில் நாலு பேர் நெருக்கி உட்கார்ந்தோம். ஓட்டியவர் மாரப்பன், ஒடிசலான ஆள், டீயில் சர்க்கரை கரையாமல் அடியில் நிற்கும் அளவுக்குக் கேட்டு வாங்கிக் குடிக்கிறவர். அவருக்குப் பக்கத்தில் கவுண்டர், பிறகு நான். கதவோரத்தில் துளை போடுகிற அர்த்தனாரி. கம்ப்ரசர் லாரியும் மற்ற ஆட்களும் ஆத்தூரில் ஒரு வேலையை முடித்துவிட்டு மறுநாள் வந்து சேர்வதாக ஏற்பாடு.

"டயருங்க மொதல்ல. பல்லு முரட்டுத்தனமா இருக்கோணும். அப்புறம் நீளப் பலகை ரெண்டு. சக்கரத்துக்கு அடியில குடுத்தா எந்தச் சேத்துலயும் ஏறிப்போடும்" என்றார் மாரப்பன்.

"பலகை இருந்துச்சல்லங்க?" என்றார் அர்த்தனாரி.

கவுண்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மாட்டுக் கொட்டாய்க்குப் போட்டுட்டேனப்பா. எருமை வழுக்கி உழுந்துருச்சு."

"அப்ப எருமைக்கு ரோட்டு வசதி செஞ்சாச்சு. வண்டிக்கு?" என்றேன் நான். "இத பாருங்க கவுண்டரே, டயர் தேயும், பலகை முறியும். என் வின்ச் ரெண்டும் செய்யாது. முதல் சாமான் இழுக்கிற சாமான்தான்."

"பெரிய ஜாக்கி, அடியில அகலத் தட்டு வெச்சது. அதுதானுங்க மொதல்ல" என்றார் அர்த்தனாரி. ஆளுக்கொரு மருந்து, நோயாளி இன்னும் படுக்கவே இல்லை.

எட்டு மணிவாக்கில் வையப்பமலை தாண்டியதும் என் கட்சி ஜெயித்தது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று ரோட்டோரப் பள்ளத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் டிரைவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார். மாரப்பன் வண்டியை நிறுத்தி, "உக்காந்திருச்சுங்களா?" என்று கேட்டார்.

"உக்காந்திருச்சுங்க" என்றார் அவர்.

சிக்கிக்கொண்டது என்று இவர்கள் யாரும் சொல்வதில்லை. நான் அந்தச் சொல்லை எடுத்தபோது மாரப்பன் என்னை ஒரு பார்வை பார்த்தார். வண்டி உட்காரும், எழுந்திருக்கும். சிக்கியது என்று வாயால் சொல்லிவிட்டால் பிறகு எழுந்திருக்காது. என் கொக்கியை அந்த லாரியில் மாட்டினோம். எங்கள் வண்டி ரோட்டில் கல்லு மாதிரி நிற்க, உருளை சுற்றியது. "எந்திரி சாமி, எந்திரி" என்று மாரப்பன் அந்த லாரியிடம் கொஞ்சிக்கொண்டே இருந்தார். ஒரு பீடி குடிக்கும் நேரத்தில் அது ரோட்டுக்கு வந்துவிட்டது. நான் கவுண்டரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை இன்று நினைத்தால் கொஞ்சம் குறைத்துச் சிரித்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

கிழங்கு லாரிக்காரர் அடுத்த கடையில் எங்கள் நாலு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கவுண்டர் வேண்டாம் என்று மரியாதைக்குச் சொல்ல, மாரப்பன் பதறிப்போனார். "வேண்டாம்னு சொல்லக் கூடாதுங்க. இழுத்து உட்டவனுக்குக் காசு குடுக்கறதும் பாவம், டீ வாங்கித் தராமப் போறதும் பாவமுங்க. டீக்கடன் வெச்சுட்டுப் போனா அடுத்த தாட்டி வண்டி உக்காந்தா எவனும் வர மாட்டான்." டீ முப்பது பைசா. மாரப்பனுக்கு மட்டும் சர்க்கரைக்காக ஐந்து பைசா கூட வாங்கினார்கள்.

ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, மெட்டாலா. வழியெல்லாம் பயிர் மஞ்சளாக இருந்தது. அது மஞ்சள் பயிரின் நிறமல்ல, காய்ந்த நிறம். முள்ளுக்குறிச்சியில் ஒரு சின்னக் கடையின் முன்னால் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டோம். கடைக்காரர் அளந்து ஊற்றினார். வலது பக்கம் கொல்லிமலை சுவர் மாதிரி எழும்பி நிற்க, கிழக்கே தூரத்தில் பச்சைமலை தெரிந்தது. பெயர்தான் பச்சை. அதன் தலைக்கு மேல் கையளவு மேகம் ஒன்று இருந்தது. கவுண்டர் அதை இரண்டு முறை பார்த்தார். விவசாயி மேகத்தைப் பார்ப்பது போல் இல்லை, லாரி முதலாளி பார்ப்பது போல் இருந்தது.

தம்மம்பட்டிக்கு நாலைந்து மைல் இருக்கும்போது மண் தடத்தில் பிரிந்தோம். இதுவரை எல்லா ஊரின் பெயரையும் எழுதியவன், இந்த ஊரின் பெயரை மட்டும் எழுதவில்லை. கவுண்டர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்த ஊரில் குடிதண்ணீருக்குத் துளை போட வேண்டும். ஊருக்குள் போட்ட இடமெல்லாம் தண்ணீருக்குப் பதில் கல்தூள் புகைதான் வந்ததாம். கடைசியில் தண்ணீர் பார்க்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்து, உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து ஏரிக்குள் நடக்கவிட்டிருக்கிறார்கள். தேங்காய் ஓர் இடத்தில் தானாக எழுந்து நட்டுக்கொண்டு நின்றதாம். அங்கே ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள்.

பதினோரு மணிக்கு ஏரிக்கரையில் ஏறி நின்றோம். ஏரி என்று சொல்வது பழைய மரியாதைக்காக. கண்ணுக்கெட்டிய வரை வெடித்த மண். கரையில் சில பனைமரங்கள். நடுவில், கரையிலிருந்து ஒரு பர்லாங்குக்கு மேல், தட்டு வைத்த மாதிரி வட்டமாக ஒரு பச்சைத் திட்டு. சுற்றிலும் பொட்டுப் புல் இல்லை. அங்கே மட்டும் முழங்கால் உயரம் நின்றது. தேங்காய் நின்ற கல் அதற்குள்தான் இருந்தது.

கரைமேல் பனை நிழலில் ஒரு பெண் ஆடுகளை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் பாவாயி என்றார். ஆடுகள் எல்லாம் கரைச் சரிவில் காய்ந்த முள்ளைக் கடித்துக்கொண்டிருந்தன.

"அத்தனை புல்லு இருக்குது, ஏம்மா முள்ளைத் தின்ன விடறே?" என்று கேட்டேன்.

"ஆடு அங்க போவாதுங்க."

"ஏன்?"

"அதுங்களைத்தான் கேக்கணும்" என்றார். கிண்டல் இல்லை, அவருக்குத் தெரியவில்லை. "நானும் அடிச்சு ஓட்டிப் பாத்தேன். அந்தக் கருவேல மரம் வரைக்கும் போவும். அப்புறம் நின்னுடும்."

அவர் காட்டியது மரம்கூட இல்லை, பட்டுப்போய் உளுத்த ஒரு கட்டை. அதுவரை ஏரி மண் முழுக்க ஆட்டுப் புழுக்கை. அதற்கு அப்பால் ஒன்றுகூட இல்லை, கோடு கிழித்த மாதிரி. இதை நான் போகும்போதே பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டின் பேச்சைக் கேட்டு லாரி ஓட்டினார்கள் என்று நாளைக்குச் சேலத்தில் சிரிப்பார்களே.

ரிக் லாரியில் துளை போடும் கம்பம் பின்புறம் இருக்கும். அதனால் கல்லை நோக்கிப் பின்பக்கமாகத்தான் வண்டியைக் கொண்டு போக வேண்டும். அர்த்தனாரி பின்னால் நடந்து கை காட்ட, மாரப்பன் அங்குலம் அங்குலமாக இறக்கினார். நானும் கவுண்டரும் பக்கத்தில் நடந்தோம். பச்சைத் திட்டுக்குள் கால் வைத்ததும் தரை ஆறின பாலின் ஆடை மாதிரி லேசாக அசைந்தது. குனிந்து முகர்ந்தேன். புல் வாசனை இல்லை, டீசல் வாசனை. எங்கள் வண்டியில் ஒழுகுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அத்தனை புல்லில் ஒரு பூச்சி கத்தவில்லை. உச்சி வெயிலில் அந்த மௌனம் காதை அடைத்தது.

பின்சக்கரங்கள் கல்லுக்கு இரண்டு முழம் இருக்கும்போது வண்டி பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். பிறகு உட்கார்ந்தது. அதை வேறு சொல்லால் சொல்ல எனக்கும் வரவில்லை. களைத்துப்போன எருமை பின்னங்காலை மடக்குவது போல மெதுவாக, சக்கரம், அச்சு, அதற்கு மேல் சட்டம் என்று இறங்கியது. மாரப்பன் முன்னால் எடுக்க முயன்றார். சக்கரம் சும்மா சுற்றிக் கறுப்புச் சேற்றை வாரி அடித்தது. வண்டியில் இருந்த சின்ன ஜாக்கியைச் சக்கரத்துக்கு அடைகொடுக்கும் கல் ஒன்றின் மேல் வைத்துத் தூக்கினோம். வண்டி ஏறவில்லை, கல்தான் இறங்கியது. இன்னொரு கல் வைத்தோம். அதுவும் போயிற்று. கவுண்டர் பக்கத்தில் நின்று தன் வண்டியின் சட்டத்தில் கை வைத்திருந்தார். குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பவர் கை அப்படித்தான் இருக்கும்.

திடீரென்று அடியில் இரும்போடு இரும்பு உரசுகிற ஒரு கிறீச்சல். வண்டி இறங்குவது நின்றது.

"பாறை" என்றேன்.

"பாறை இப்படிக் கத்தாதுங்க" என்றார் அர்த்தனாரி. முப்பது ஊர்ப் பாறையைக் குடைந்தவர்.

அப்போது கிழக்கே இடி உருண்டது. கையளவு மேகம் பச்சைமலையை முழுசாக மூடியிருந்தது. அங்கே பெய்தால் ஓடை வழியே தண்ணீர் இந்த ஏரிக்குத்தான் வரும். மூன்று வருஷமாக ஊரே கும்பிட்ட மழை. "வேண்டாம் சாமி, இன்னைக்கு ஒரு நாள் வேண்டாம்" என்று கவுண்டர் முனகியது என் காதில் விழுந்தது. பிறகு அவரே கன்னத்தில் போட்டுக்கொண்டார். மழையை வேண்டாம் என்று சொன்ன விவசாயியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வின்ச்சின் நேரம் வந்துவிட்டது. நான் கொக்கியை எடுத்துக்கொண்டு கரையை நோக்கிக் கம்பீரமாக நடந்தேன். நூறடியில் கயிறு முடிந்தது. எனக்கு முன்னால் வெறும் மண். பனைமரங்கள் கண்ணுக்கு எட்டின, கைக்கு எட்டவில்லை. இருந்த செயினையெல்லாம் கோத்தாலும் பாதித் தூரம்கூட வராது. ஊரில் ஒரு டிராக்டர் உண்டு என்று கரையிலிருந்து பாவாயி கூவிச் சொன்னார். அது தம்மம்பட்டிச் சந்தைக்குப் போயிருந்தது. மாட்டைப் பூட்டி வரச் சொன்னோம். "ஆடே வராத எடத்துக்கு மாட்டை யாருங்க ஓட்டுவா?" என்று கேட்டுவிட்டார். இழுக்கிற சாமானை வாங்கிவிட்டோம். எதைப் பிடித்து இழுப்பது என்று நாங்கள் நாலு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டவனுக்கு முதலில் தேவை ஒரு பிடிமானம். என் கையில் கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது.

"ஸ்டெப்னியப் பொதைக்கலாமுங்க" என்றார் மாரப்பன். மரம் இல்லாத இடத்தில் மாற்றுச் சக்கரத்தை ஆழமாகப் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டி இழுப்பது பழைய வழி, மண்ணே மரமாகிவிடும். சேறு முடிந்து மண் இறுகுகிற இடம் பார்த்து, வண்டிக்கு நேர் முன்னால், கரைப்பக்கமாக நாற்பது நடை தள்ளிக் குழி வெட்ட ஆரம்பித்தோம். நானும் வெட்டினேன். கொண்டுவந்த ரொட்டி வண்டியிலேயே கிடந்தது.

இடுப்பளவு போனதும் மாரப்பனின் கடப்பாரை எதிலோ பட்டு எகிறியது. ரப்பரில் பட்ட மாதிரி எகிறியது. கையால் மண்ணை வழித்தார்.

டயர்.

குழிக்குள், நாங்கள் எப்படிப் புதைக்க நினைத்தோமோ அப்படியே, கரைப்பக்கம் சாய்ந்தபடி, ஒரு லாரி ஸ்டெப்னி புதைந்திருந்தது. அதன் நடுத்துளை வழியாக இரும்புக் கயிறு ஓடியது; ஒரு முனை வளையத்தில் முடிந்திருந்தது, மறுமுனை மண்ணுக்குள் போயிற்று. பழைய இரும்பு என் பிழைப்பு, தொட்டதும் தெரிந்தது. யுத்த காலத்துப் பட்டாள லாரியின் டயர். அந்த அளவு இப்போது வருவதே இல்லை. என் வின்ச்சும் அப்படி ஒரு லாரியில் இருந்து கழற்றியதுதான்.

மாரப்பன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அமுங்கவில்லை. வால்வின் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று வந்தது. வெயிலில் வெந்துகொண்டிருந்த எங்கள் முகத்தில் அது சில்லென்று பட்டது. அவர் அவசரமாக விரலை வைத்து அடைத்து மூடியைத் திருகினார்.

"யாரோ அடிச்ச காத்துங்க, பாய். இத்தனை வருசம் அப்படியே இருக்குது."

பேய் பிசாசு என்று பேசுகிறவர்களைக் கடையில் உட்கார்த்தி வைத்துக் கேலி செய்கிறவன் நான். பட்டப்பகலில், நாலு பேர் நடுவில், பயந்தேன்.

அர்த்தனாரி டயரிலிருந்து அந்தப் பழைய கயிறு எங்கே போகிறது என்று மண்ணைக் கொத்திக்கொண்டே போனார். அது நேராக ஏரிப்பக்கம் போயிற்று. எங்கள் வண்டியை நோக்கி. போகப் போகச் சரிந்து கீழே இறங்கியது. அவர் கடப்பாரையால் கயிற்றின் மேல் ஒரு போடு போட்டார். ஒரு கணம் கழித்து, எங்கள் வண்டிக்கு அடியிலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் வந்தது.

யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு லாரி இங்கே வந்து, இதே இடத்தில், கரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. அதன் ஆட்கள் எங்களைப் போலவே நடந்து, இதே இடத்தில் குழி வெட்டி ஸ்டெப்னியைப் புதைத்திருக்கிறார்கள். வண்டி எழுந்திருக்கவில்லை. எங்கள் வண்டியை இறங்கவிடாமல் இப்போது தாங்கிக்கொண்டிருப்பது அதன் கூரை. தேங்காய் எழுந்து நின்றது தண்ணீருக்கா இரும்புக்கா என்று கேட்க நினைத்தேன்.

"ஆளுங்க... ?" என்று கவுண்டர் ஆரம்பித்தார்.

கரைமேல் இருந்த பாவாயியைக் கூவிக் கேட்டோம். "எனக்கு வெவரம் தெரிஞ்சு இந்த ஏரியில வண்டி ஒண்ணும் எறங்கினதில்லீங்க" என்று பதில் வந்தது. "எங்க மாமனாரும் சொன்னதில்லை."

இடி மறுபடியும் உருண்டது. இந்த முறை கிட்டத்தில். ஓடை விழுகிற மூலையில் மண்ணின் நிறம் கறுத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் வந்துவிட்டது. நாக்கு மாதிரி மெல்லிசாக, வெடிப்புகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்தது.

புதிதாகக் குழி வெட்ட நேரமில்லை. "இதுலயே மாட்டுங்க பாய்" என்றார் கவுண்டர். மாரப்பன் மட்டும் தயங்கினார். குழிக்குள் இறங்கி, அந்த டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உங்க பிடியக் கொஞ்சம் குடுங்க சாமி. வாங்கிட்டுத் திருப்பிக் குடுத்துப்போடறோம்" என்று சொன்னார். இவர்கள் பக்கத்தில் பெரியவரையும் சாமி என்பார்கள், பிள்ளையையும் சாமி என்பார்கள். அவர் யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

என் கயிறு இந்தத் தடவை எட்டியது. என் கொக்கியும் அந்தப் பழைய வளையமும் ஒரே பட்டறையில் பிறந்த மாதிரி பொருந்திக்கொண்டன. அர்த்தனாரி குழியை மண் போட்டு மூடி ஏறி நின்று மிதித்தார். மாரப்பன் எஞ்சினை எடுத்தார். கயிறு விறைத்து, மண்ணை அறுத்துக்கொண்டு மேலே வந்து, முறுக்கேறிப் பாடியது. ஒன்றும் அசையவில்லை. குழியின் மேல்மண் லேசாக வெடித்தது. பிடி விடுகிறது என்று நினைத்தேன். கவுண்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிடி விடவில்லை. அடியில் மறுபடி அந்த இரும்புக் கிறீச்சல். பின்சக்கரங்கள் எதிலோ ஊன்றிக்கொண்டு ஒரு உந்து உந்தின. முன்னால் இருந்து ஒன்று பிடித்து இழுக்க, கீழே இருந்து ஒன்று தோள் கொடுத்த மாதிரி வண்டி எழுந்தது. "எந்திரி சாமி, எந்திரி சாமி" என்று கத்தியது மாரப்பன் மட்டும் அல்ல. நானும் கத்தினேன்.

வண்டி விலகிய பள்ளத்தை நான் எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். கறுப்புச் சேற்றுக்கு நடுவில் ஒரு மூலை, வளைந்த தகடு, அதில் பட்டாளப் பச்சை பெயிண்ட். டிரைவர் பக்கத்துக் கதவின் மேல்முனை அது. கதவு மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று பார்ப்பதற்குள் சேறு நாலு பக்கமும் இருந்து வந்து மூடிக்கொண்டது.

வண்டி இறுகின தரைக்கு வந்ததும் எல்லோரும் ஏறச் சொன்னார் கவுண்டர். மாரப்பன் ஏறவில்லை. கொக்கியைக் கழற்றி, வளையத்தை உள்ளே மடக்கி, குழியைப் பழையபடி மூடிவிட்டுத்தான் வந்தார். அதற்குள் தண்ணீர் பச்சைத் திட்டைத் தொட்டுவிட்டது. கரைமேல் ஏறியபோது பாவாயி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெரியவர்களிடம் கவுண்டர் விஷயத்தைச் சொன்னார். ஏரிக்குள் லாரியா என்று சிரித்தார்கள். அடுத்த நாள் காட்டலாம் என்றால், அடுத்த நாள் ஏரி இருந்தது, தரை இல்லை. ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டதால் துளை போடும் பேச்சும் போயிற்று. எந்தப் பட்டாளத்து லாரி, யார் ஏலத்தில் எடுத்தது, எதற்காக அங்கே இறங்கியது, எனக்குத் தெரிந்த பழைய வியாபாரிகளிடம் எல்லாம் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. என் கடைக்கு இப்போதும் லாரிக்காரர்கள் வந்து, ரோடு இல்லாத இடத்துக்குப் போக முதலில் என்ன வாங்கலாம் என்று கேட்கிறார்கள். எதைக் கட்டி இழுப்பீங்க என்று நான் திருப்பிக் கேட்கிறேன். அதற்குப் பதில் சொல்பவருக்குத்தான் வின்ச். சேலம் ரோட்டில் வண்டி நின்றால் பத்து பேர் ஓடி வருவார்கள். அந்தத் தைரியத்தில் வளர்ந்தவன் நான். யாருமே இல்லாத இடத்திலும் நமக்கு முன்னால் யாரோ குழி வெட்டி வைத்திருப்பார்கள் என்பது எனக்கு ஆறுதலா பயமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அன்று சாயங்காலம் முள்ளுக்குறிச்சியில், காலையில் தண்ணீர் அளந்து ஊற்றிய அதே கடையில் வண்டியை நிறுத்தினோம். மழை பிடித்துக்கொண்டது. கூரையில் கொட்டுகிற தண்ணீரைக் கடைக்காரர் குடம் குடமாகப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார். நாலு பேரும் தலையிலிருந்து கால் வரை சேறு. கவுண்டர் வெளியே மழையிலேயே நின்று, வண்டியின் சட்டத்தைக் கையால் வழித்து வழித்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு டீ போடுங்க" என்றார் மாரப்பன்.

கடைக்காரர் எங்களை எண்ணிப் பார்த்தார். "நாலு பேருதானுங்களே? அஞ்சாவது ஆளு எங்கீங்க?"

"இழுத்து உட்டவருங்க. அவரு வர முடியாதுங்க."

கடைக்காரர் என்ன புரிந்துகொண்டாரோ, ஐந்தாவது கிளாஸை எடுத்து வைத்தார். மாரப்பன் எழுந்து அவர் பக்கத்தில் போனார்.

"அதுல மட்டும் சக்கரை கொஞ்சம் சாஸ்தியாப் போடுங்க" என்றார். "டிரைவருங்க அவரு."